பழைய கொலுசும் பழைய லம்போர்கினியும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம் எங்களுடையது. எனக்கு வயது 36. கடந்த இரண்டு வருட வெள்ளி விலையேற்றத்தில் கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்தே லம்போர்கினி மேல் ஆசை. பெங்களூரு புரோக்கர் ஒருவர் மூலம் ஹுராகான் ஈவோ ஒன்று வந்திருக்கிறது. 2019 நவம்பரில் பதிவானது, இரண்டாவது ஓனர், 11,000 கிலோமீட்டர் ஓடியது, கர்நாடகா பதிவு. புதிதாக எடுத்தபோது எல்லாம் சேர்த்து நான்கரைக் கோடி ஆனதாம். இப்போது 2 கோடியே 85 லட்சம் கேட்கிறார்கள். "இறங்க வேண்டியதெல்லாம் இறங்கியாச்சு. இனி இது தங்கம் மாதிரி. மூணு வருஷம் ஓட்டிட்டு அதே விலைக்குத் தள்ளிவிடலாம்" என்கிறார் புரோக்கர். "அந்தக் காசுக்கு ஆறு லாரி வாங்கலாமே" என்கிறார் மாமனார். பட்டறைப் பெயரில் வாங்கினால் தேய்மானம் கழிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று வருடம் கழித்து உண்மையில் என்ன விலை கிடைக்கும்? ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கே இந்த வண்டி ஏறுமா?
பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராகவும் வண்டி மதிப்பீட்டாளராகவும் 26 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். நான் பார்த்ததில் முக்கால்வாசி லாரியும் டிப்பரும்தான். உங்கள் ரக வண்டிகளை என் கையால் தொட்டு மதிப்புப் போட்டது ஏழே ஏழு முறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கொலுசுத் தொழிலில் இருப்பதால் என் வேலையில் பாதி சுலபம். பழைய பொருள் விலை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு அம்மா பழைய கொலுசைக் கொண்டு வந்து கொடுக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? எடை போடுவீர்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) பார்ப்பீர்கள், உள்ளே இருக்கும் வெள்ளிக்கு மட்டும் காசு கொடுப்பீர்கள். அவர் வாங்கிய அன்று கொடுத்த செய்கூலி, சேதாரம், எனாமல் வேலை, கல், ஜிஎஸ்டி எதற்கும் ஒரு ரூபாய் தர மாட்டீர்கள். அவர் முகம் வாடும். "நான் கொடுத்தது இவ்வளவாச்சே" என்பார். தினமும் நீங்கள் பார்க்கும் காட்சி இது. இப்போது கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். நான்கரைக் கோடி என்கிற அந்தக் கொலுசில் வெள்ளி எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பார்ப்போம்.

முழுதாகத் தயாரித்து இறக்குமதி செய்யும் விலை உயர்ந்த கார் கப்பலில் வந்து நம் துறைமுகத்தில் இறங்கும்போது அதன் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் எல்லாம் சேர்த்து 110 சதவீதம். ஆகவே 210. அதன்மேல் 2019ல் இந்த ரகக் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதோடு செஸ் என்ற கூடுதல் வரி 20 சதவீதம். இப்போது கிட்டத்தட்ட 311. இதற்கு மேல் மாநில ஆயுள் வரி. கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவீதம். நம் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20. கர்நாடகக் கணக்கையே போட்டாலும் 367 வருகிறது. கம்பெனி டீலரின் லாபத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஆக 100 ரூபாய் காரை 367 ரூபாய் கொடுத்து ஒருவர் வாங்கியிருக்கிறார். 267 ரூபாய் வரி. உங்கள் கடையில் இப்படி ஒரு செய்கூலி போட்டால் செவ்வாய்ப்பேட்டையே திரண்டு வந்துவிடும்.

அப்படியென்றால் அந்தக் கார் இன்று 100 ரூபாய்க்குக் கீழே அல்லவா விற்க வேண்டும்? விற்கவில்லை. நான்கரைக் கோடி போனது ஆறு வருடத்துக்கு மேலான பிறகும் 2 கோடியே 85 லட்சம் கேட்கிறது. அதாவது 37 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. ஏன்? காருக்கும் கொலுசுக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது, இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பழைய கார் வாங்க வருபவர் அதை எதோடு ஒப்பிடுகிறார்? இத்தாலியில் அது என்ன விலை என்பதோடு இல்லை. இன்று இங்கே புதிது எடுத்தால் என்ன ஆகும் என்பதோடு. ஹுராகான் 2024ல் நின்றுபோனது. அதன் இடத்தில் வந்திருக்கும் டெமராரியோ 2025ல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 6 கோடி. ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் போட்டால் ஏழைத் தாண்டும். ஏழு எங்கே, 2.85 எங்கே என்று வாங்குபவர் யோசிப்பார். புதிய வண்டியின் மேல் அரசாங்கம் கட்டிய வரிச் சுவர்தான் பழைய வண்டியின் விலையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புரோக்கர் தங்கம் என்று சொல்வது இந்தச் சுவரைத்தான். வண்டியை இல்லை.

அந்தச் சுவர் நிற்குமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் அங்கிருந்து வரும் கார்களுக்குச் சுங்கம் படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்பது அதில் உண்டு. ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன் எல்லாம் பிரிட்டன் வண்டிகள். உங்கள் வண்டி இத்தாலி. சரி, ஐரோப்பிய ஒன்றியம் என்ன ஆயிற்று? 2026 ஜனவரியில் அவர்களோடும் பேச்சு முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அங்கேயும் ஆண்டுக்கு இத்தனை கார் என்ற ஒதுக்கீட்டுக்குள், படிப்படியாக, 10 சதவீதம் வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பெரிய கார்களுக்கு செஸ் போய், ஜிஎஸ்டி மட்டும் 40 சதவீதம். இப்போதைய சுங்கத்தோடு 100 ரூபாய் கார் ஷோரூமில் 294. சுங்கம் 10 ஆகிவிட்டால் அதே கார் 154. கிட்டத்தட்ட பாதி. அதற்காக நாளைக்கே 6 கோடி வண்டி 3 கோடிக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. இறக்கம் பல வருடம் எடுக்கும், ஒதுக்கீடு உண்டு, குறைந்த வரியை முழுதாக நமக்கே கொடுத்துவிடக் கம்பெனிகள் தர்ம சத்திரம் நடத்தவில்லை. ஆனால் நீங்கள் விற்கப் போகும் காலமும் அந்த இறக்கம் நடக்கப் போகும் காலமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. புத்தம் புதியது நாலு கோடிக்குள் கிடைக்கும் நாளில், பத்து வயதை நெருங்கும் வண்டிக்கு 2.85 கொடுக்க யார் வருவார்?

இதே மாதிரி ஒன்று வெளிநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2016ல் போர்ஷே 911 ஆர் என்று ஒரு வண்டி விட்டார்கள். மொத்தமே 991. கையால் கியர் போடும் வண்டி, அந்த எஞ்சினோடு அப்படி வேறு எதுவும் இல்லை. வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை நடந்தது. எல்லோரும் தங்கம் என்றார்கள். அடுத்த வருடமே போர்ஷே ஜிடி3 டூரிங் என்று கிட்டத்தட்ட அதே குணமுள்ள வண்டியை, மேனுவல் கியரோடு, சாதாரண விலைக்கு விட்டது. 911 ஆர் விலை மளமளவென்று இறங்கியது. அந்த வண்டிகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. பக்கத்தில் வேறொன்று வந்து நின்றது, அவ்வளவுதான்.

புரோக்கர் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. ஹுராகானில் இருப்பது டர்போ இல்லாத 5.2 லிட்டர் வி10 எஞ்சின். ஈவோவில் 640 குதிரைத்திறன். டெமராரியோவில் டர்போ வி8, கூடவே மின்மோட்டார். அந்தப் பழைய சத்தம் இனி வராது. "கடைசி வி10" என்ற பேருக்கு நாளைக்கு ஒரு மரியாதை இருக்கும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் மரியாதைக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் உண்டு. ஹுராகான் உலகம் முழுதும் 20,000க்கு மேல் செய்துவிட்டார்கள். விலை ஏறி ஏறிப் போன வண்டிகளைப் பாருங்கள். தொண்ணூறுகளில் வந்த மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106 வண்டி. 2021ல் அமெரிக்க ஏலத்தில் அதில் ஒன்று இரண்டு கோடி டாலருக்கு மேல் போனது. அதே மெக்லாரன் கம்பெனி பிற்பாடு செய்த 12சி, 650எஸ், 720எஸ் எல்லாம் ஓட்டுவதற்கு அற்புதம் என்கிறார்கள். ஆனால் பழைய சந்தையில் அவை விழும் வேகம் ஊரறிந்தது. ஒரே பேட்ஜ்தான். ஒன்று நூறு சொச்சம், மற்றவை ஆயிரக்கணக்கில், அதுவும் வருடத்துக்கு ஒரு புது மாடல். ஹுராகான் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. விழுந்து நொறுங்காது. தங்கமும் இல்லை.

அடுத்தது, நம் ஊர் விஷயம். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு பழைய லாரியை விற்கிறேன் என்று காலையில் டீக்கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் வந்து கேபினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே விலை சொல்வார்கள். லாரிக்கு விலை என்று ஒன்று இருப்பதற்குக் காரணம் அந்தப் பத்துப் பேர்தான். மாமனார் லாரி என்று சொன்னதில் இந்த ஞானம் இருக்கிறது, சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் ஹுராகானுக்கு சேலத்தில் எத்தனை பேர் வருவார்கள்? வேடிக்கை பார்க்க நூறு பேர் வருவார்கள், ஐந்து ரோட்டில் நிறுத்தினால் செல்ஃபி எடுக்க வரிசை நிற்கும். செக் புத்தகத்தோடு ஒருவரும் வர மாட்டார். அந்த ஆள் பெங்களூரிலோ மும்பையிலோ டெல்லியிலோ இருக்கிறார். அவரிடம் போக நடுவில் ஒரு புரோக்கர் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு கதவு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அழகாபுரத்தில் வீட்டு போர்ட்டிகோவில் 14 மாதம் விற்பனைக்கு வைத்திருந்தார். கேட்ட விலை நியாயமான விலைதான், நானே போட்டுக் கொடுத்தது. ஒரு வாடிக்கையாளர்கூட நேரில் வந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒரு வியாபாரி படத்தை மட்டும் பார்த்துவிட்டு என் மதிப்பிலிருந்து 22 லட்சம் குறைத்துக் கேட்டார். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் இந்த ரக வண்டிக்குச் சான்றிதழ் எழுதும்போது கூடவே ஒரு வரி வாயால் சொல்லிவிடுவேன்: "இது ஆறு மாதம் காத்திருக்க முடிந்தவரின் விலை. அவசரக்காரரின் விலை வேறு."

சரி, இப்போது புரோக்கர் சொன்னபடியே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து அதே 2 கோடியே 85 லட்சத்துக்கு விற்றுவிட்டீர்கள். நஷ்டம் இல்லையா? 7 சதவீதம் என்று கணக்கு வைத்தாலும் அந்தப் பணத்துக்கு வருடம் ஏறக்குறைய 20 லட்சம் வட்டி. மூன்று வருடத்தில் 60 லட்சம். வெள்ளியாக வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்! எனக்கு அதில் ஜோசியம் வேண்டாம், வங்கி வட்டியே போதும். விலை ஒரு ரூபாய்கூட இறங்காத வண்டிக்கே 60 லட்சம் செலவு. இறங்கினால் அதற்கு மேல்.

பட்டறைப் பெயரில் வாங்குவது பற்றி. வருமான வரியில் காருக்குத் தேய்மானம் வருடம் 15 சதவீதம், மீதமிருக்கும் மதிப்பின் மேல். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். 2.85 கோடியில் மூன்று முழு வருடம் கழித்தால் புத்தகத்தில் 1 கோடியே 75 லட்சம் நிற்கும். இந்தப் 15 என்பது சட்டம் வைத்த எண். சந்தைக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இனி விற்கிறீர்கள், 2 கோடியே 10 லட்சம் வருகிறது. புத்தக மதிப்பைவிட 35 லட்சம் அதிகம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், தேய்மானம் எடுத்தவர் என்பதால் அந்த 35 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 6 லட்சத்து 30 ஆயிரம். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரவு (தொழிலில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் சலுகை) காருக்குக் கிடையாது. விற்ற பணம் தேய்மானத் தொகுதியிலிருந்தும் கழியும், அதாவது முன்பு எடுத்த சலுகையில் ஒரு பகுதி திரும்பிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு சீட் உள்ள காருக்கும் கொலுசுப் பட்டறைக்கும் என்ன தொழில் தொடர்பு என்று அதிகாரி கேட்பார். சொந்த உபயோகத்துக்கான பங்கை நீக்கிவிடுவார். நீங்கள் கொலுசை டெலிவரி செய்யப் போனேன் என்று சொல்வதை நான் பார்க்க விரும்பவில்லை. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், ஆனால் என் யோசனை: சொந்தப் பெயரில் வாங்குங்கள். சொந்த உபயோகக் காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்தை எங்கும் கழிக்கவும் முடியாது. கணக்கு சுத்தமாக இருக்கும்.

இனி என் சொந்தப் பேட்டை, இன்சூரன்ஸ். பாலிசியில் ஐடிவி என்று ஒரு எண் இருக்கும். வண்டி திருடு போனாலோ முழுசாக நாசமானாலோ கிடைக்கும் அதிகபட்சப் பணம் அது. புது வண்டிக்கு 5 சதவீதத்தில் ஆரம்பித்து, ஐந்தாவது வருட முடிவில் 50 சதவீதம் வரை கழிக்கும் அட்டவணை உண்டு. ஐந்து வயதைத் தாண்டிய உங்கள் வண்டிக்கு அந்த அட்டவணை இல்லை. நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். பிரீமியம் குறையட்டும் என்று சிலர் ஐடிவியைக் குறைத்துப் போடுவார்கள். 2.85 கொடுத்துவிட்டு ஒன்றே முக்கால் கோடிக்குக் காகிதம் வைத்திருந்தால், தொப்பூர் கணவாயில் பின்னால் வரும் ஒரு டிரெய்லரின் பிரேக்கை நம்பி ஒரு கோடியை ரோட்டில் விட்டதாக அர்த்தம்.

பகுதி சேதம் இன்னும் மோசம். ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் உள்ள வண்டியில் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்போம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. ஜீரோ தேய்மானக் கூடுதல் காப்பீடு இருந்தால் இதெல்லாம் இல்லை. ஆனால் இந்த வயது வண்டிக்கு அதைத் தரப் பல கம்பெனிகள் தயங்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே மூன்று கம்பெனிகளில் எழுத்து மூலம் கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் முன் பம்பர் ஒன்று உடைந்தால் பாதிப் பணம் உங்களுடையது. இந்தக் காரின் பம்பர் விலையை இரவில் படுக்கப் போகும் முன் கேட்காதீர்கள்.

வண்டியைச் சோதிப்பது பற்றிச் சுருக்கமாக. பெங்களூரில் கம்பெனியின் சொந்த ஒர்க்‌ஷாப்பிலேயே முழுச் சோதனைக்குப் பணம் கட்டுங்கள். புரோக்கர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டபுள் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கின் நிலையைக் கேளுங்கள், நல்ல டிஸ்க் நெடுநாள் வரும், மாற்ற வேண்டியிருந்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல புதுக் காரின் விலை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 11,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள், டயர் 2019ல் செய்ததாக இருக்கும். டயர் பட்டன் (மேல் வரி) தேயாமல் பளபளக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஓடாமல் நின்ற வண்டி நல்ல வண்டி என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. சீல் காய்ந்துபோவதும் பேட்டரி சாவதும் நின்ற வண்டியில்தான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், டாங்கில் மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது. இந்த மாடலுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். முந்தைய ஓனர் சைலன்சரை மாற்றியிருந்தால் ஒரிஜினலையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விற்கும் அன்று அதற்கும் ஒரு கழிவு உண்டு.

காகிதத்தில் ஒரு விஷயத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கிறேன். முதல் ஓனர் வாங்கிய இன்வாய்ஸ், அது இந்திய டீலர் மூலம் சுங்கம் கட்டி வந்த வண்டிதான் என்பதற்கான அத்தாட்சி, இரண்டும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பரில் கேரளாவில் ஆபரேஷன் நும்கோர் என்ற பெயரில் சுங்கத்துறை சோதனை போட்டு, பூட்டான் வழியாக வரி கட்டாமல் வந்ததாகச் சந்தேகப்பட்ட கார்களைப் பறிமுதல் செய்தது ஞாபகம் இருக்கும். வண்டி யார் வாசலில் நின்றதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். அப்புறம், கர்நாடகா நம்பரோடேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை இங்கேயும் கட்ட வேண்டும். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அங்கே பதிவில் இருக்கும் ஓனர். அந்தப் பணம் யாருக்கு என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் என் விரல் போதாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் டிஎன் 30 நம்பரில் வாங்கும் பெங்களூர்க்காரர் இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதையும் அவர் விலையில் கழிப்பார்.

இனி நேராகக் கேட்ட கேள்விக்கு நேரான பதில். இந்த வண்டி சுத்தமாக இருந்து, நீங்கள் வருடம் 2,000 கிலோமீட்டர் ஓட்டி, சர்வீஸ் புத்தகம் இடைவெளி இல்லாமல் இருந்தால், மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தில் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் எழுத மாட்டேன். அதுவும் சுங்கம் இன்றைய நிலையில் இருந்தால். இறங்கியிருந்தால் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்காலுக்குள் எதிர்பாருங்கள். இது என் மதிப்பீடு, கல்வெட்டு இல்லை. 2.10 என்றே வைத்தால் விலையில் 75 லட்சம், வட்டியில் 60 லட்சம், மொத்தம் 1 கோடியே 35 லட்சம். 6,000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள். கிலோமீட்டருக்கு 2,250 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், மறுபதிவு வரி தனி.

இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று மனசு சொன்னால் வாங்குங்கள். நான் தடுக்கவில்லை. சம்பாதித்தவன் ஆசைப்பட்டதை ஓட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. வாங்குவதானால் 2.85 கொடுக்காதீர்கள். சுங்கம் இறங்கும் பேச்சு உங்களைப் போலவே விற்பவருக்கும் தெரியும், அவர் அவசரப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2.30ல் ஆரம்பியுங்கள், 2.45ஐத் தாண்டாதீர்கள். புரோக்கர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும், இரண்டு மாதத்தில் அவரே கூப்பிடுவார். கடன் போட்டு மட்டும் வாங்காதீர்கள், அது யானையையும் வாடகைக்கு எடுத்துத் தீனியும் போடுகிற வேலை. திருப்பி விற்கும் சுலபம்தான் முக்கியம் என்றால், இதைவிடக் குறைந்த விலையில் சுத்தமான பழைய போர்ஷே 911 ஒன்றைத் தேடலாம். ஒரு சின்னப் பையனாவது பின் சீட்டில் உட்காரலாம், வாங்க ஆளும் அதிகம், சென்னை, கொச்சி, பெங்களூரு மூன்றிலும் ஷோரூம் உண்டு. ஆனால் போஸ்டரில் ஒட்டி வைத்தது லம்போர்கினியாச்சே, புரிகிறது.

ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, வண்டி ஏறும். தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஐந்து அங்குலம்கூட இல்லை என்பதை மறக்காதீர்கள். வேகத்தடைக்கு விதிப்படி உயரமே 10 சென்டிமீட்டர், நம் ஆட்கள் விதிப்படியா போடுகிறார்கள்? மூக்கைத் தூக்கும் லிஃப்ட் வசதி இந்த வண்டியில் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் அஞ்சு லட்சம் குறைத்துக் கேளுங்கள், நாளைக்கு உங்களிடம் வாங்குபவரும் அதைத்தான் கேட்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவிலிருந்து கல் உருண்டு கிடக்கும், அந்த இரண்டு மாதம் மலை வேண்டாம். சனி, ஞாயிறு வேண்டாம், மே மாதக் கோடை விழா நாட்கள் வேண்டவே வேண்டாம், வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் இந்த வண்டியில் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. வார நாளில் விடிகாலை ஐந்தரைக்கு ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் பிடித்து இறக்குங்கள். தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் மட்டும் இறக்காதீர்கள். தோட்டக் கேட்டுக்கு வெளியே நிழலாக ஒரு சிமெண்ட் தளம் போட்டு நிறுத்திவிட்டு, மேலே ஜீப்பில் போங்கள். சில்வர் ஓக் மரத்தடியாக இருந்தால் மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுவிடுங்கள், கிளை விழுந்தால் மறுபடி என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.